பெரியவர் தொடாத தோட்டம்

மூணாறு ரிசார்ட் முற்றத்தில் பூச்செடிகளுக்குப் பதிலாகச் சாப்பிடுகிற செடிகளாகவே நட்டுக் கொடுத்தவள் எருத்தேன்பதி ஊர்க்காரி கோமதி. "வாசல்ல வாழை வேணும்" என்றார் எழுபது வயது முதலாளி. அவள் கூடாது என்றாள். காரணத்தைக் கேட்டு அவர் சிரித்தார். அவளோ பிடிவாதமாக இஞ்சி, எலுமிச்சை, காந்தாரி மிளகாய் என்றே சுற்றிலும் நட்டாள்.

காலையில் வாட்ச்மேன் பொன்ராஜ் போன் செய்தார்.

"மேடம், விடியக்காலையில பெரியவரு வந்தாரு."

முதலாளியே வந்துவிட்டாரா! கோமதி அவசரமாகக் கேட்டாள்.

"ஏனுங்கண்ணா, எதாச்சும் பறிச்சுத் தின்னாருங்களா?"

"எங்க! வாசல்ல மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டாரு. பக்கத்து ரிசார்ட்டுக்குப் போயி ஒரு வாழை விடாம தின்னுட்டாரு."

"இங்க ஒரு எல கூடத் தொடலீங்களா?"

"தொடல. அங்க கேட்டையும் பேத்துப் போட்டுட்டாரு."

"முதலாளி எதுக்குங்க கேட்டைப் பேத்தாரு?"

"அட, முதலாளி இல்ல மேடம்! எங்க எஸ்டேட்டுல யானையத்தான் பெரியவருன்னு சொல்லுவோம். முதலாளி இந்தா, பக்கத்துல நிக்காரு."

போன் கைமாறியது.

"யானை வரும்னு நீ சொன்னப்ப சிரிச்சுட்டேம்மா..." என்று இழுத்தார் முதலாளி. "பின்பக்கம் என்ன நடலாம்?"

"வாழை வெக்கட்டுங்களா?" என்றாள் கோமதி.