முதலில் ஒட்டிய சீட்டு

"அந்த ஆளோட ரெண்டாவது பேட்ஜை வெளியில காத்திருக்கிறவங்களுக்குக் கொடுத்துடலாம் அண்ணி" என்றாள் நாத்தனார்.

"எந்த ஆளு?"

"அதோ, லிஃப்ட் கதவையே பார்த்துக்கிட்டு நிக்கிறாரே, அவர்தான். வருஷா வருஷம் ரெண்டு பேருக்குப் பதிவு பண்றார். வர்றது அவர் மட்டும். இன்னொண்ணு மக பேர்ல. மூணு வருஷமா அந்தப் பொண்ணு இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கல. இனாமா கிடைச்சா எனக்கொண்ணு, எங்கப்பனுக்கொண்ணுன்னு கேட்பாங்க. இவர் மகளுக்கொண்ணு கேட்கிறார்!"

அண்ணிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வராமல் என்ன செய்யும்? ஆறு வருஷமாக ஒரு பைசா கட்டணம் வாங்காமல் இந்தத் தொழில்நுட்பச் சந்திப்பை நடத்துகிறாள். பேச்சாளர் பட்டியல் கிடையாது. மேடை கிடையாது. வருகிறவர்களே காலையில் தலைப்பைச் சீட்டில் எழுதி, சுவரில் கட்டம் போட்ட அட்டையில் ஒட்டுவார்கள். எந்த அறை, எத்தனை மணி என்ற கட்டத்தில் ஒட்டுகிறார்களோ, அங்கே அப்போது பேசுவார்கள். அவ்வளவுதான்.

இருப்பது நூற்றைம்பது இடம். வாசலில் நாற்பது பேர் கால் கடுக்க நின்றுகொண்டிருந்தார்கள்.

"கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவரா?"

"லிஃப்ட் மெக்கானிக்காம். இதுவரைக்கும் ஒரு கேள்வி கேட்டதில்ல. ரூம் ரூமா போய் உட்காருவார், பிஸ்கட் சாப்பிடுவார், போயிடுவார்."

அண்ணி அந்த பேட்ஜை எடுத்துக்கொண்டு நேரே அவரிடம் போனாள்.

"சார், உங்க பொண்ணு இன்னைக்கு வர்றாங்களா, இல்லையா?"

அந்த நேரம் பார்த்து லிஃப்ட் கதவு திறந்தது. அவர் பதில் சொல்லாமல் உள்ளே பார்த்தார். நாலு பேர் இறங்கிப் போனார்கள்.

"பார்க்கலாம்பான்னு சொல்லியிருக்காம்மா."

"போன வருஷமும் அதைத்தானே சொல்லியிருப்பாங்க?"

"ஆமாம்மா. அதுக்கு முந்தின வருஷமும் அதேதான்."

"சரி, நீங்க வர்றீங்களே, இங்க பேசறது உங்களுக்குப் புரியுதா?"

"ஓரெழுத்துகூடப் புரியாது" என்று சிரித்தார் அவர். "எந்த ரூம்ல யாருமே இல்லையோ, அங்க போய் முன்வரிசையில உட்காந்துக்குவேன். ஒரு தலை தெரிஞ்சா, எட்டிப் பார்க்கிறவங்க நாலு பேர் தைரியமா உள்ள வருவாங்க. அதுக்குத்தான்."

அண்ணியின் குரல் கொஞ்சம் இறங்கியது. "இது என்ன சார் வேண்டுதலா?"

"என் பொண்ணு இங்க பேசியிருக்காம்மா, நாலு வருஷத்துக்கு முன்னாடி. லிஃப்ட் பாதியில நின்னு போச்சுன்னா, உள்ள மாட்டிக்கிட்டவங்ககிட்ட 'பயப்படாதீங்க, ஆள் வருது'ன்னு பேச்சுக் கொடுக்கிற ஒரு மெஷின். அவளே செஞ்சது. அன்னைக்குக் கதவு திறந்ததும் ஓடிப் போய் முதல் சீட்டு ஒட்டினா. பெரிய ஹால், பத்து மணி. உடனே எனக்கு போன் போட்டுச் சொன்னா, அப்படி ஒரு சந்தோஷம். ஆனா பத்து மணிக்குப் பார்த்தா, சீட்டு மாடியில கடைசி ரூம் கட்டத்துல இருந்திருக்கு."

அண்ணி அவர் முகத்தைப் பார்த்தாள்.

"காத்துல விழுந்திருக்கும்மா. யாரோ புண்ணியவதி எடுத்து அங்க ஒட்டியிருக்காங்க. இல்லைன்னா அந்த ரூமும் கிடைச்சிருக்காது பாருங்க."

"கூட்டம்... வந்துச்சா?"

"நிறையப் பேர்ப்பான்னுதான் சொன்னா. அப்புறம் ஒரு நாள் அவ போன்ல வீடியோவைப் பார்த்தேன். எல்லாம் காலி நாற்காலி. இருபது நிமிஷம் தன்னந்தனியா நின்னு பேசியிருக்கா. கடைசியில, 'யாருக்காவது கேள்வி இருக்கா'ன்னு வேற கேட்டிருக்கா."

லிஃப்ட் மறுபடி திறந்தது. அவர் மறுபடி பார்த்தார். இந்த முறை யாருமே இல்லை.

"அந்த மெஷினை அட்டைப்பெட்டியில போட்டு மூடிட்டு, வேற ஊர்ல ஏதோ வேலைக்குப் போயிட்டா. வாய் ஓயாத பொண்ணு, இப்ப போன்ல ரெண்டே வார்த்தை. பழைய மாதிரி அவ பேசி ஒரு தடவை கேட்டுட்டா எனக்குப் போதும்மா. அந்த பேட்ஜை நம்பித்தான் ஒவ்வொரு வருஷமும் ஓடுது. யாருக்காவது இடம் கொடுத்தே ஆகணும்னா என்னுதைக் கொடுத்துடுங்க. நான் வாசல்ல நின்னுக்கறேன்."

அண்ணி அந்த பேட்ஜை அவர் கையில் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"என்ன அண்ணி, பேட்ஜை வாங்கப் போனவங்க அவருக்கே கொடுத்துட்டு வர்றீங்க? பேய் அறைஞ்ச மாதிரி முகம் வேற!" நாத்தனார் மைக்கை நீட்டினாள். "சரி, நேரமாச்சு. விதியைச் சொல்லுங்க, எல்லாரும் சீட்டோட நிக்கிறாங்க."

வருஷா வருஷம் மனப்பாடமாகச் சொல்வதுதான்.

"இங்க பெரியவங்க, சின்னவங்க கிடையாது. முதல்ல ஒட்டினவங்களுக்கு முதல் இடம். ஒருத்தர் ஒட்டின சீட்டை இன்னொருத்தர்..."

அண்ணி மைக்கைக் கீழே இறக்கினாள்.

நாலு வருஷத்துக்கு முன், தாமதமாக வந்த ஒரு பெரிய கம்பெனி அதிகாரிக்கு ஹால் வேண்டுமென்று, யாரும் பார்க்காதபோது அந்தச் சீட்டைப் பிய்த்து மாடிக் கடைசி அறையில் ஒட்டிய புண்ணியவதி அவள்தான்.