குழாய்ப் பிடி

குசினிக் குழாயை அவள் நூலளவு திறந்து விட்டாள்.

ஒரு சொட்டு. இன்னொரு சொட்டு.

கனடாவின் வினிபெக்கில் பின்னேரம் நாலரைக்கே இருட்டிவிட்டது. வெளியே மைனஸ் இருபத்தெட்டு. வடக்குச் சுவருக்குள் ஓடுகிற பைப் உறையாமலிருக்க விடியும்வரை சொட்ட வேண்டும். இந்த நாட்டில் தண்ணீரைக் கொட்டித்தான் தண்ணீரைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது.

தொட்டிக்குக் கீழேயிருந்த அலுமாரிக் கதவுகளையும் திறந்து வைத்தாள். வீட்டுச் சூடு பைப்புக்குப் போகட்டும்.

பிறகு கதிரையில் உட்கார்ந்து காத்திருந்தாள்.

அறையில் கட்டில் முனகியது.

அவர் வந்தார். குளியலறைக்கு வழி தெரியாத மனிதர், இந்தச் சத்தத்துக்கு மட்டும் நேரே வந்தார். குழாயை இறுக்கிப் பூட்டினார். அலுமாரிக் கதவுகளைச் சாத்தினார்.

“குளத்துத் தண்ணியில வளந்தவைக்கு நல்ல தண்ணியின்ர அருமை எங்க தெரியப்போகுது.”

புங்குடுதீவுக்காரர். குடிதண்ணீருக்கு ஒன்றரை மைல் நடந்து வளர்ந்தவர். குளங்கள் நிறைந்த கிளிநொச்சியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த அவளைக் கல்யாணமான மறுநாளே இப்படித்தான் கேலி செய்தார்.

நாற்பத்தொரு வருஷம்.

அவள் பெயர் அவருக்கு மறந்துவிட்டது. மகளின் முகம் மறந்துவிட்டது. இந்தக் கேலி மட்டும் மிஞ்சியிருந்தது. வேறெதற்கும் அவர் வாய் திறப்பதில்லை.

அவர் படுத்ததும் எழுந்துபோய்த் திறந்து விடுவது அவள் வழக்கம். அன்று கண்ணயர்ந்துவிட்டாள்.

காலையில் பைப் உறைந்து வெடித்திருந்தது. இந்தக் குளிருக்கு இது இரண்டாம் தடவை.

மகள் கௌசிகா கத்தவில்லை. தரையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

“இன்னொருக்கா வெடிச்சா அப்பாவை ஹோமிலதான் விடவேணும், அம்மா. அந்தக் குழாய்ப் பிடியைக் கழட்டி ஒளிச்சு வையுங்கோ.”

ஹோமில் அவருக்கு யார் சோறு குழைத்து ஊட்டுவார்கள்?

பைப் திருத்த வந்தவன் போனதும் அவள் குழாயைச் சொட்டவிட்டுப் பிடியைக் கழற்றினாள். ஒரேயொரு திருகாணிதான். பிடியை அரிசி வாளிக்குள் புதைத்தாள்.

பின்னேரம் அவர் வந்தார்.

கை பழகிய இடத்துக்குப் போனது. வெறும் இரும்பு முளை. தடவினார். விரல்கள் வழுக்கின. மறுபடி தடவினார்.

ஏசப்போகிறார் என்று அவள் ஆசையோடு நின்றாள்.

அவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் போய்ப் படுத்தார்.

அடுத்த நாளும் வந்தார். மூன்றாம் நாள் குசினி வாசலோடு நின்றுவிட்டார்.

நாலாம் நாள் கட்டில் முனகவில்லை.

ஒரு கிழமைக்கு மேல் அவளால் தாங்க முடியவில்லை. வெடித்தால் வெடிக்கட்டும். அரிசிக்குள் கைவிட்டுப் பிடியை எடுத்தாள். மாவைத் துடைத்து மாட்டினாள்.

பூட்டிவிட்டு மறுபடி சொட்டவிட்டாள். காத்திருந்தாள்.

இன்னும் கொஞ்சம் திறந்தாள்.

பிறகு முழுதாகத் திறந்தாள். தண்ணீர் தொட்டியில் இரைந்து விழுந்தது.

“இஞ்சாருங்கோ, நல்ல தண்ணி வீணாப் போகுது.”

அறைக்கு ஓடிப்போய்ப் பார்த்தாள். அவர் கண்ணைத் திறந்தபடிதான் படுத்திருந்தார். கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாசி முழுக்க மைனஸ் முப்பதுக்குக் கீழேதான்.

பிடி குழாயிலேயே இருந்தது. அலுமாரிக் கதவுகள் திறந்தே கிடந்தன.

பைப் ஒருநாளும் உறையவில்லை.