வாடகைப் பெட்டி

“கொடுக்கிறதை வாங்கிட்டுக் கேஸை வாபஸ் வாங்கிரு தாயி. செத்தவளைப் போய்க் கோர்ட்டுக்கு இழுக்கியே!”

கைலாசம் அண்ணாச்சி பக்கத்து வீட்டுக்காரர். யோகலட்சுமியிடம் சமாதானம் பேச வந்திருந்தார். அனுப்பி வைத்தவர் பால்வண்ணநாதன். மேலகரத்தில் பந்தல், பாத்திரம், ஃப்ரீசர் பெட்டி எல்லாம் வாடகைக்கு விடுகிற கடைக்காரர்.

“நான் துட்டுக்கு நிக்கல அண்ணாச்சி. பெட்டி பழுதுன்னு அவரு ஒத்துக்கிடணும். அதைச் சரி பண்ணாம இன்னொரு வீட்டுக்கு அனுப்பக் கூடாது. அம்புட்டுதான்.”

“அப்படி ஒத்துக்கிட்டா அவன் கடைக்கு எவன் வருவான்?”

“அது அவரு பாடு.”

அண்ணாச்சி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். தெருவுக்கு அன்றைக்குப் பேச விஷயம் கிடைத்துவிட்டது. மேலகரத்தில் அந்தத் தெருவில் நியாயம் பேச நிறைய ஆள் உண்டு. போய் நியாயம் கேட்கத்தான் ஆள் கிடையாது.

நடந்தது இதுதான். யோகலட்சுமியின் அம்மா இறந்தபோது அண்ணன் முத்துகுமரன் மஸ்கட்டில் இருந்தான். மறுநாள் மதியம் வந்துவிடுவான். அதுவரை உடலை வைத்திருக்க வேண்டும்.

“ரெண்டு நாள் ஆனாலும் வச்ச மேனிக்கு இருக்கும். நான் கேரண்டி,” என்று சொல்லித்தான் பால்வண்ணநாதன் பெட்டியை இறக்கினார்.

பொழுது சாய்வதற்குள் பெட்டி நின்றுவிட்டது. போன் அடித்தால் எடுக்க ஆளில்லை. விடிந்ததும் பெரியவர்கள் கூடிப் பேசி, இனிமேல் வைக்க முடியாது என்று தூக்கிவிட்டார்கள்.

முத்துகுமரன் பையோடு வந்து வாசலில் நின்றபோது வீட்டைக் கழுவி விட்டிருந்தார்கள்.

அவன் அழுத அழுகையை யோகலட்சுமியால் மறக்க முடியவில்லை. மறக்க அவளுக்கு இஷ்டமும் இல்லை.

அவனே பிறகு போனில் சொல்லிப் பார்த்தான். “நான் பாக்காதது பாக்காததுதானே. நீ எதுக்கு அலையுத? விட்டுரு தங்கச்சி.”

“நீ விடு. நான் விட மாட்டேன்.”

திருநெல்வேலி நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போட்டாள். வக்கீல் வைக்கவில்லை, தானே பேசினாள். சட்டத்தில் அதற்கு இடம் உண்டு.

பால்வண்ணநாதனிடம் பதில் தயாராக இருந்தது. “பெட்டியில ஒரு குறையும் கிடையாது சார். இவங்க வீட்டு கரண்டுதான் சரியில்ல. மின்சாரக் கோளாறுக்குக் கடை பொறுப்பில்லைன்னு ரசீதுலயே அடிச்சிருக்கோம்.”

“ஃபேன் ஓடிச்சு, லைட்டு எரிஞ்சுது. உங்க பெட்டி மட்டும்தான் நின்னுச்சு.”

“அதுக்கப்புறமும் அந்தப் பெட்டி எத்தனையோ வீட்டுக்குப் போயிட்டு வந்திருக்கு. ஒருத்தரும் குறை சொல்லல.”

துக்க வீட்டில் யார் வந்து குறை சொல்லப் போகிறார்கள்? அந்தத் தைரியத்தில்தான் அவர் பேசினார். வழக்கு இழுத்துக்கொண்டே போனது.

இதற்கு நடுவில் பால்வண்ணநாதனின் அப்பா இறந்துபோனார்.

யோகலட்சுமி துஷ்டிக்குப் போனாள். தெருவே ஆச்சரியப்பட்டது. அந்தப் பக்கத்தில், பேச்சுவார்த்தை இல்லாதவர்கள் துஷ்டி வீட்டில் போய் நின்றுவிட்டால் சண்டை முடிந்தது என்று அர்த்தம்.

அந்த வீட்டுப் பெண்களைக் கட்டிக்கொண்டு நிஜமாகவே அழுதாள். பிறகு பெட்டியின் தலைமாட்டில் போய் நெடுநேரம் நின்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். பெரியவர் முகத்தைப் பார்க்கிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். பால்வண்ணநாதன் அவளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

“பகை தீந்துச்சு. இனிமே கேஸும் கிடையாது, ஒண்ணும் கிடையாது,” என்று கைலாசம் அண்ணாச்சி வாசலிலேயே எல்லோருக்கும் அறிவித்துவிட்டார்.

அடுத்த வாய்தா வந்தது. யோகலட்சுமி திருநெல்வேலி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாள். பால்வண்ணநாதனுக்குத் துணையாகக் கிளம்பிய அண்ணாச்சி பஸ்ஸுக்குள் அவளைப் பார்த்ததும் கொதித்துப்போனார்.

“ஏட்டி, அவன் மொட்டையில இன்னும் முடி மொளைக்கல. துஷ்டிக்கு வந்து அழுதியே, அதெல்லாம் நடிப்பா? உனக்கு நெஞ்சுல ஈரமே இல்லியா?”

“அழுதது பெரியவருக்காக அண்ணாச்சி. இப்பம் போறது அம்மாவுக்காக.”

பஸ் பாவூர்சத்திரத்தைத் தாண்டி, ஆலங்குளத்தையும் தாண்டுகிற வரைக்கும் அவர் வாய் ஓயவில்லை. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆணையத்தில் பேர் கூப்பிட்டதும் எழுந்து நின்றாள்.

“அவருகிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணும் ஐயா.”

தலைவர், “கேளுங்க,” என்றார்.

“உங்க அப்பாவை மறுநாள் வரைக்கும் வச்சிருந்தீங்கள்லா. அது எந்தக் கடைப் பெட்டி?”

பால்வண்ணநாதன் கைலாசத்தைத் திரும்பிப் பார்த்தார். அண்ணாச்சிக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

“அது... ஆலங்குளத்துல எடுத்தது.”

“ஆமா. தலைமாட்டுல அந்தக் கடைப் பேரு ஒட்டியிருந்துது, பாத்தேன். அன்னைக்கு உங்க பெட்டி வேற வீட்டுக்குப் போயிருந்துதோ?”

பால்வண்ணநாதன் கையிலிருந்த காகிதங்களைப் புரட்டினார்.

“சொல்லுங்க,” என்றார் தலைவர்.

“இல்ல சார். குடோன்லதான் இருந்துது.”

“பெட்டியில ஒரு குறையும் இல்லைன்னு சொன்னீங்க. பிறகு ஏன் உங்க அப்பாவை அதுல வைக்கலை?” என்று தலைவரே கேட்டார்.

பால்வண்ணநாதன் மழித்த தலையைத் தடவினார். தலை நிமிரவே இல்லை.

“ஷார்ஜாவுல இருந்து தங்கச்சி வரணும்லா சார்... அப்பா முகத்தை அவ பாக்கணும்லா.”