தகப்பன் வேலை

நானூறு பிள்ளைகளுக்கு அவள் தகப்பன்.

தாய் இல்லை. தகப்பன். சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டு வாருங்கள். அவள் கையை நிறுத்த முடியாது.

முழங்கை வரை தொட்டிக்குள். கவிழ்த்துவைத்த மண்சட்டியின் முதுகில் கோமாளி மீனின் முட்டைகள். முட்டைக்கு மூச்சுக்காற்றுப் போக, விரல்களைச் செட்டையாக்கி விசிறினாள்.

நேற்றுவரை ஆண்மீன் விசிறியது. நடுநடுவே வாயை வைத்து முட்டையைப் பொறுக்கியது.

பிள்ளையைத் தின்கிறான் பாவி என்று அவள்தான் வலையால் அள்ளி வேறு தொட்டியில் விட்டாள்.

மீன் வளர்க்கப் பயிற்சி தந்தவரிடம் போனில் கேட்ட பிறகுதான் தெரிந்தது. அவன் தின்னவில்லை. செத்த முட்டைகளைக் களைந்துகொண்டிருந்தான். களையாவிட்டால் பூஞ்சை மற்றதற்கும் பாயும்.

ஓடினாள். அவன் தொட்டியைத் தாண்டித் துள்ளி, சிமெண்டுத் தரையில் கருவாடாகக் கிடந்தான்.

பெண்மீன் முட்டையிட்டதோடு சரி. மகாராணி போல அந்தப் பக்கம் உலாத்தியது.

மண்டபத்துப் பெண்கள் குழுவின் கொட்டகையில் இதுவரை ஒரு குஞ்சும் பொரித்ததில்லை. நாளைக் காலை அதிகாரிகள் பார்க்க வருகிறார்கள். இந்த முட்டைகளும் செத்து வெளுத்தால் கொட்டகைக்குப் பூட்டு.

காற்றுக்குழாயை வைத்துப் பார்த்தாள். குமிழி மோதி முட்டை பிய்ந்தது.

கைதான்.

"கையால விசிறுனா குஞ்சு வருமாக்கும்?" புருஷனின் அக்காள், றெஜினாள் மதினி. "அப்ப கோழி எதுக்குடி அடைகாக்குது? ஃபேனப் போட்டுட்டுப் படுக்க வேண்டியதுதானே!"

விசிறினாள். அவள் தள்ளிய தண்ணீரைச் சேர்த்தால் பாம்பன் பாலம் முங்கும். கை ஊறி வெளுத்தது, மரத்தது. மணிக்கட்டில் இரண்டு செதில் முளைத்தது. கேட்டால் காட்டுவாள்.

அப்படியும் ஓரத்தில் வெளுப்பு.

நகத்தால் கிள்ளினாள். நல்லதும் சேர்ந்து வந்தது. வெள்ளிப் பொட்டாய்க் கண் வைத்த முட்டை, விரல் நுனியில்.

அழுதாள். அழுதுகொண்டே விசிறினாள்.

பிறகு சட்டியை நீர்மட்டத்துக்குத் தூக்கினாள். குனிந்து, வாயை வைத்தாள்.

உதட்டால், ஒவ்வொன்றாக. உப்பு. துப்பினாள். மறுபடி.

"அடிப்பாவி! பிள்ளையத் தின்னுறியா?"

வாசலில் மதினி.

அவள் பதில் சொல்லவில்லை. நேற்று அவனும் சொல்லவில்லை.

பொழுது அடைந்தது. கொட்டகை இருண்டது. மதினி செல்போன் விளக்கைத் தொட்டிக்குள் அடித்தாள்.

வெளிச்சத்தை நோக்கித் தூசு எழும்பியது.

தூசுக்குக் கண் இருந்தது.

காலையில் பார்க்க வந்தவர் தொட்டியை இரண்டு சுற்றுச் சுற்றினார். குனிந்தார். நிமிர்ந்தார்.

"தகப்பன் மீன் எங்க?"

சுவரோரம் சாக்கை விரித்து, ஊறிய கையை நெஞ்சில் வைத்து அவள் படுத்திருந்தாள். மதினி அந்தப் பக்கம் விரலை நீட்டினாள்.

"அந்தா, சார். மெதுவாப் பேசுங்க. இப்பத்தான் கண்ணசந்துச்சு."