குதிரை போட்ட லோலாக்கு

"என் காதுல ஆடின முத்து இப்ப உங்க குதிரை கன்னத்துல ஆடுது. அதுகூடவே குடும்பம் நடத்துங்க. நான் அந்தியோக்கியாவுக்கு, எங்க அண்ணன் வீட்டுக்குக் கிளம்பறேன்."

எஃபேமியா பெட்டியை மூடினாள். மத்தியானம் கப்பல்.

லியோந்தியோஸ் தொண்டையைச் செருமினார். கான்ஸ்டான்டிநோபிள் அரண்மனையில் அவர் முத்திரை காப்பவருக்கு உதவியாளர். வீட்டில் அவரே பேரரசர்.

"ஈஸ்டர் ஊர்வலத்துல என் குதிரையைப் பார்த்து ஊரே வாயைப் பொளந்துச்சு. அந்தப் பெருமையில உனக்கும் பங்கு உண்டு."

"பெருமையை நீங்களே வெச்சுக்குங்க. எனக்கு அந்தச் சத்தம் வேணும்."

தங்கக் கம்பியில் ஜோடியாகத் தொங்கும் முத்துகள், அவள் நடந்தால் ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணுக்கும். கல்யாணமான புதிதில் அவர் கண்ணை மூடிக்கொண்டு, 'இப்ப அடுப்படியில இருக்கே... இப்ப மாடிப்படி ஏறறே' என்று சொல்லிக்கொண்டே இருப்பார். அப்போது அவருக்குப் பதவியும் இல்லை, குதிரையும் இல்லை.

"இப்பல்லாம் பக்கத்துல வந்து நின்னாக்கூட உங்களுக்குத் தெரியறதில்ல," என்றாள்.

கதவு தடதடத்தது. சிவப்பு மேலங்கியில் ஒரு காவல் அதிகாரி.

"கடிவாளத்துல முத்துக் கட்டற உரிமை பேரரசருக்கு மட்டும்தான். சட்டம் தெரியாதோ? உங்க லாயத்துல பார்த்தேன். யாரோடது?"

லியோந்தியோஸ் பதறினார். "ஐயோ, அது... என் வீட்டுக்காரி லோலாக்குங்க! பொம்பளைங்க நகைக்குத்தான் சட்டத்துல விலக்கு இருக்கே!"

"லோலாக்கா? அப்ப அவங்க காதுல மாட்டுங்க, பார்ப்போம்."

லியோந்தியோஸ் லாயத்துக்கு ஓடி, கொக்கியோடு கழற்றிக்கொண்டு வந்தார். அவரே மாட்டிவிட்டார். எஃபேமியா மெல்லத் தலையை ஆட்டினாள்.

கிணுகிணு.

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"இனிமே இது குதிரைமேல தொங்கினா, உங்க பதவியும் தொங்கிடும்!" என்று உறுமிவிட்டு அதிகாரி வெளியேறினார்.

எஃபேமியா பெட்டியைத் திறந்து, துணிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். "பாவம், ரொம்பப் பயந்துட்டீங்க."

சற்று நேரத்தில் லியோந்தியோஸ் தெருமுனைக்கு மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். அங்கே காத்திருந்த அதிகாரி சிவப்பு மேலங்கியைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தான். நாடகக் கொட்டகைச் சொத்து. மாலைக் காட்சிக்குள் திருப்பித் தர வேண்டும்.

"'தப்புப் பண்ணிட்டேன்'னு அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சிருக்குமே ஐயா? எதுக்கு என்னைக் கூட்டிட்டு வந்து இந்தக் கூத்து?"

"வாயை மூடுடா!" என்றார் லியோந்தியோஸ். "நான் அரண்மனை உத்தியோகஸ்தன்!"