எழிலரசி பதிவு செய்த கிருமி

“இது மட்டும் வெளிய போச்சுன்னா சுங்குவார்சத்திரமே தாங்காது சார்.” ஆய்வகப் பாதுகாப்புக் குழுத் தலைவரின் அறையில் கையுறையும் முகமூடியுமாக நின்றுகொண்டு, கண்ணாடிக் குப்பியை இரண்டு விரலால் தூக்கிக் காட்டினாள் எழிலரசி.

குப்பிக்குள் இருந்தது அவள் வீட்டுத் தயிரிலிருந்து பிரித்தெடுத்த கிருமி. அதனால் இதுவரை யாருக்கும் ஏப்பம்கூடக் கூடுதலாக வந்ததில்லை.

பாவம், அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. பிளஸ் டூ ரிசல்ட் வந்தால் போதும், இந்தத் தனியார் பல்கலைக்கழகத்தில் அவளைப்போலப் பாடம் நடத்துகிறவர்கள் எல்லாரும் ஆகஸ்ட் வரை மாணவர்களைப் பிடித்துவரத் தெருத்தெருவாக அலைய வேண்டும். நேற்றுச் சேர்ந்தவர், தலை நரைத்தவர் என்ற பாகுபாடெல்லாம் நிர்வாகத்துக்குக் கிடையாது.

போன வருஷம் ஒரகடத்தில், ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியவர்களிடம் நோட்டீஸ் நீட்டி, தம்பி தங்கச்சி யாராவது படிக்க இருக்கிறார்களா என்று கெஞ்சினாள். டாக்டர் பட்டம் வாங்கியவளை சிம் கார்டு விற்க வந்தவள் என்று நினைத்து விரட்டினார்கள். ஹாஸ்டலுக்குத் திரும்பி ஒரு பாட்டம் அழுது தீர்த்தாள்.

ஆபத்தான கிருமி என்று பாதுகாப்புக் குழுவில் பதிவாகிவிட்டால், ஆராய்ச்சி முடியும்வரை வெளியாட்களோடு கலக்கக் கூடாது என்பது பல்கலைக்கழக விதி. அதைத்தான் பிடித்துக்கொண்டாள்.

ஆனால் குழுத் தலைவர் பேராசிரியர் சண்முகசுந்தரம் லேசுப்பட்ட ஆள் இல்லை. ஆய்வகத்தில் டீ குடித்ததற்காகத் துறைத்தலைவரையே நிற்கவைத்துக் கேள்வி கேட்டவர். தொட்டால் ஒட்டுமா, தும்மினால் பரவுமா, ஆராய்ச்சி ஆகஸ்ட் வரைக்குமாவது இழுக்குமா என்று துருவித் துருவிக் கேட்டார். எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்டாள் எழிலரசி.

திடீரென்று குப்பியை வாங்கி, மூடியைத் திறந்து மோந்து பார்த்தார்.

“தயிர்தானம்மா இது?”

வேலை போயிற்று என்றே முடிவுகட்டிவிட்டாள். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

“இன்னொரு தபா அந்த பஸ் ஸ்டாப்ல போய் நிக்க என்னால முடியாது சார்.” சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

அவர் குப்பியை இறுக்க மூடினார். எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். அவளுடைய விண்ணப்பத்தை எடுத்து, ‘மிகவும் ஆபத்தானது’ என்று தன் கையாலேயே எழுதினார்.

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

“ஒத்த ஆளு பாத்துக்கிடுத கிருமியா இது? என் பேரையும் சேத்துக்கோம்மா.”