மாமனார் சவாரி

"போற இடம்னு ஒண்ணும் இல்லை தம்பி. ஊரை ஒரு சுத்து சுத்திட்டு, திரும்ப இந்த ஸ்டாண்டுலயே இறக்கி விட்டுடுங்க."

பின் இருக்கையில் ஏறிய பெரியவர் இப்படிச் சொன்னதுமே டிரைவருக்குப் புரிந்துவிட்டது. மாமனார் வந்துவிட்டார்.

முந்தின நாள்தான் அக்கா எச்சரித்திருந்தாள். "பொண்ணோட அப்பா சொல்லாமக் கொள்ளாம உன் வண்டியில ஏறிப் பார்ப்பாராம்டா. வாயை வச்சுக்கிட்டு சும்மா இரு." டாக்ஸிக்காரன் என்றதுமே இதுவரை இரண்டு வீட்டில் பேச்சு முறிந்திருந்தது. இதுவும் தட்டிப்போனால் இனி உனக்குப் பெண் தேட என்னால் முடியாது என்று அக்கா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள்.

அவன் காலரைச் சரிசெய்துகொண்டான். பாட்டை நிறுத்தினான். வாழ்க்கையில் முதல்முறையாக மஞ்சள் விளக்குக்கே வண்டியை நிறுத்தினான்.

"இந்தத் தொழில் இப்போ கட்டுப்படியாகுதா தம்பி?"

காலையில் டீக்கடையில் இதே கேள்விக்கு அவன் சொன்ன பதிலை அச்சில் ஏற்ற முடியாது. "ராஜ வாழ்க்கைங்க," என்றான் இப்போது. "நமக்கு நாமே முதலாளி. யார் முன்னாடியும் கைகட்டி நிக்க வேண்டாம்."

"போன்ல கூப்பிடற கம்பெனி வண்டியெல்லாம் வந்தப்புறம் சவாரியே இல்லைன்னு சொல்றாங்களே?"

"சும்மா சொல்றாங்க. நம்பிக்கையான ஆளைத் தேடி ஜனங்க வரத்தான் செய்வாங்க. எனக்கே நாலஞ்சு வீடு வாடிக்கை."

வாடிக்கை ஒரே ஒரு வீடுதான். அதுவும் அக்கா வீடு.

"இடுப்பு வலியெல்லாம்?"

"அப்படின்னா என்னங்க?" என்றான், முதுகுக்கு வைத்திருந்த குட்டித் தலையணையை மெல்ல ஒரு பக்கம் தள்ளிவிட்டு.

பெரியவர் சிரித்தார். "குடிச்சிட்டு ஏறி வம்பு பண்றவங்க இருப்பாங்களே?"

"இருட்டினா நான் வண்டியே எடுக்கறதில்லைங்க. நாளைக்குக் குடும்பம்னு ஆயிட்டா, அந்த நேரம் வீட்டுல இருக்கணும் இல்லையா?"

கண்ணாடியில் பார்த்தான். பெரியவரின் முகம் தெளிந்திருந்தது.

"ஸ்டாண்டு பக்கத்துல பாத்ரூம் வசதி எப்படி தம்பி? கதவுக்குத் தாழ்ப்பாள் ஒழுங்கா இருக்குமா?"

அவன் நெகிழ்ந்துபோனான். மருமகனின் இந்தச் சங்கடம்வரை யோசிக்கிற மாமனார் எத்தனை பேருக்குக் கிடைப்பார்? "பெட்ரோல் பங்க்ல இருக்குங்க. பளிச்சுன்னு வச்சிருப்பாங்க."

"ஸ்டாண்டுல மத்த டிரைவருங்க?"

"தங்கமான மனுஷங்க. எல்லாரும் கூடப் பிறந்தவங்க மாதிரி."

வண்டி ஸ்டாண்டுக்குத் திரும்பி நின்றது. பெரியவர் இறங்கி வந்து முன்பக்க ஜன்னலில் குனிந்தார். கண்கள் லேசாகக் கலங்கியிருந்தன.

"மூணு நாளா நாலு வண்டியில ஏறி இதையேதான் கேட்டேன் தம்பி. நாலு பேரும் வேண்டவே வேண்டாம்னுட்டாங்க. நானும் அவகிட்ட முடியாதுன்னே சொல்லிட்டிருந்தேன். உங்ககிட்ட பேசினப்புறம்தான் மனசு ஒப்புச்சு. போனதும் பொண்ணுகிட்ட சரின்னு சொல்லிடப் போறேன்."

அவனுக்குக் கால் பிரேக்கில் இருக்கிறதா ஆகாயத்தில் இருக்கிறதா என்றே தெரியவில்லை. அக்காவுக்கு எப்படிச் சொல்வது என்று அதற்குள் வார்த்தை தேட ஆரம்பித்திருந்தான்.

"அவங்களை எப்போ, எங்க வந்து பார்க்கட்டும் மாமா?"

பெரியவர் அவன் தோளில் தட்டிக்கொடுத்தார்.

"நீங்க எதுக்கு அலையணும், நாளைக்குக் காலையில அவளே டாக்ஸியை ஓட்டிட்டு வந்து உங்க வண்டிக்குப் பின்னாடி சவாரிக்கு நிப்பா."